மின்சாரச் செருப்பும் கம்பெனி வண்டியும்

2017இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் ஒரு செருப்பைச் செய்து காட்டினார். நடக்க நடக்க அதில் மின்சாரம் சேரும். தாக்க வருகிறவனை அந்தக் காலால் உதைத்தால் அவன்மேல் மின்சாரம் பாயும். கூடவே பெற்றோருக்கும் காவல்துறைக்கும் தகவல் போகும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் பொறியியல் மாணவர்கள் சிலர் இதே வேலையைச் செய்யும் உள்ளாடை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டும் நாளிதழ்களில் படத்தோடு வந்தன, பாராட்டுகள் குவிந்தன. டெல்லியில் 2012 டிசம்பர் 16 அன்று ஓடும் பேருந்தில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு நாடே கொதித்துக் கிடந்த காலம் அது. கையில் ஒயரும் பேட்டரியும் வைத்திருந்த பிள்ளைகள் அவற்றைக் கொண்டு எதையாவது செய்யத் துடித்ததில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. 'பெண்கள் பாதுகாப்பு' என்ற தலைப்பை அவர்களிடம் யார் கொடுத்தார்கள், அதற்கு என்ன பொருள் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் செருப்பு தைக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் பகுதியில் ஷூ கம்பெனிகளில் உட்கார்ந்து தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியும் முன் சமைத்து வைத்துவிட்டு, கம்பெனி வண்டிக்காகச் சாலை முனையில் நிற்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலேயே இருந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறாத கூலியைப் பதிவு செய்தது. இந்தப் பெண்களின் காலுக்கு மின்சாரச் செருப்பு போட்டுப் பார்க்கிறேன். எட்டு மணி நேரம் தையல் மெஷினை மிதித்த கால் அது. யாரை உதைப்பது? வண்டியில் இடிக்கும் டிரைவரையா, டார்கெட் முடியவில்லை என்று காதோரம் வந்து அசிங்கமாகப் பேசும் சூப்பர்வைசரையா, குடித்துவிட்டு வந்து சம்பளக் கவரைப் பிடுங்கும் கணவனையா? உதைத்த மறுநாள் யார் சோறு போடுவார்கள்? கண்டுபிடிப்பாளர்களின் மனதில் இருந்தது இருட்டில் பதுங்கியிருக்கும் முகம் தெரியாத ஒருவன். அவன் இல்லாமல் இல்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 4,45,256. அவற்றில் 31 விழுக்காட்டுக்கும் மேல் கணவனோ கணவனின் உறவினரோ செய்த கொடுமை. பாலியல் வல்லுறவு வழக்குகளில் ஆண்டுதோறும் 95 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்.

இந்தக் கணக்கை எழுதுவதும் அரசுதான். இதைப் படிக்காததுபோல் ஆராய்ச்சிக்குத் தலைப்பு கொடுப்பதும் அரசுதான்.

2013இல் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் வரவுசெலவு அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதியை அறிவித்தார். பத்தாண்டுகளில் அதன் மொத்த ஒதுக்கீடு 7,000 கோடியைத் தாண்டியது. ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கும் 181 உதவி எண்ணுக்கும் அதிலிருந்து பணம் போனது, மறுக்கவில்லை. பெரிய தொகைகள் போன வழி வேறு: சென்னை உட்பட எட்டு நகரங்களுக்குப் 'பாதுகாப்பான நகரம்' திட்டம், ரயில் நிலையங்களில் கேமராக்கள், அவசர அழைப்புக் கட்டமைப்பு, கட்டுப்பாட்டு அறைகள். 2021இல் வெளியான ஓர் உலகளாவிய ஒப்பீட்டில் சதுர மைலுக்கு 600க்கும் அதிகமான கேமராக்களுடன் சென்னை டெல்லிக்கும் லண்டனுக்கும் அடுத்து மூன்றாவது இடத்தில் வந்தது. அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் லக்னோ காவல்துறை இன்னும் ஒரு படி மேலே போய், சுமார் 200 இடங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைக்கப்போவதாக அறிவித்தது. பெண்ணின் முகத்தில் கலக்கம் தெரிந்தால் கேமரா தானே காவல்துறைக்குச் செய்தி அனுப்பிவிடுமாம். தேர்வு முடிவு பார்த்து வருகிறவள், போனில் அம்மாவோடு சண்டை போடுகிறவள், மாதவிலக்கு வலியோடு பேருந்துக்கு நிற்கிறவள் என்று எல்லோர் முகத்தையும் இனி ஒரு மென்பொருள் படிக்கும். அதற்கு உகந்த முகமாக இருக்க வேண்டும் என்றால் நாம் சிரித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். 'சிரிச்ச முகமா இரு' என்று காலங்காலமாக நமக்குச் சொல்லி வந்த பெரியம்மாக்களின் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது.

தமிழ் படித்தவள் என்பதால் இந்தத் திட்டங்களின் பெயர்களில் என் கண் நின்றுவிடுகிறது. சென்னைக் காவல்துறை கேமராப் பிரச்சாரத்துக்கு வைத்த பெயர் 'மூன்றாவது கண்'. நம் புராணத்தில் அந்தக் கண் யாரையும் காப்பாற்றுவதற்காகத் திறந்ததாக எனக்கு நினைவில்லை, எரிப்பதற்குத்தான் திறந்தது. 2018இல் தமிழகக் காவல்துறையின் ஆபத்துக்கால செயலி வந்தபோது அதன் பெயர் 'காவலன்'. ஆண்பால் விகுதி. பழைய இலக்கியத்தில் அந்தச் சொல் அரசனைக் குறிக்கும். அவன் காப்பான், பெண் காக்கப்படுவாள் என்பது அந்த ஒற்றை 'ன்'னில் அடங்கிவிட்டது. 2022இல் புதிய செயலி வந்தபோது 'காவல் உதவி' என்று மாற்றினார்கள். இது நல்ல மாற்றம், யார் யோசித்திருந்தாலும் பாராட்டலாம். பெயர் மாறிய அளவுக்குப் பார்வை மாறியதா என்பது அடுத்த கேள்வி. பூட்டி வைத்துக் காப்பதால் பயனில்லை என்று ஒப்புக்கொள்ளும் குறளே, காக்கும் பொறுப்பைக் கொண்டுபோய்ப் பெண்ணின் மனத்திண்மையின்மேல் வைத்துவிடுகிறது. உரையாசிரியர்கள் வழிவழியாக அதைப் பெண்ணுக்குப் பெருமை சேர்க்கும் இடமாகவே விளக்குகிறார்கள். ஷாக் அடிக்கும் செருப்பு அந்த உரை மரபின் பேட்டரி பொருத்திய பதிப்பு. உன் உடம்புக்கு நீயே வேலி என்கிறது.

செயலியையே எடுத்துக்கொள்வோம். 2017 தொடக்கத்திலிருந்து விற்கும் எல்லா செல்போன்களிலும் ஆபத்து பட்டன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் போதும். விதி வந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் பல ஆலைகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து உள்ளே, பட்டன் வெளியே. நம் ஊரில் 'செக்யூரிட்டி' என்றால் அந்தப் போன்களை வாங்கி வைக்கிற, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்தான். அவருக்கும் பன்னிரண்டு மணி நேர வேலை, பெரும்பாலும் ஏஜென்சி சம்பளம்.

2025 பிப்ரவரியில் நம் பக்கத்திலேயே நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கோவையிலிருந்து திருப்பதி போகும் இண்டர்சிட்டி ரயிலில் பெண்கள் பெட்டியில் வந்துகொண்டிருந்தார் நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவர். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்துவிட்டு ஊருக்குப் போகிறவர். ஜோலார்பேட்டையில் பெட்டிக்குள் ஏறிய ஒருவன் அவரிடம் அத்துமீற முயன்றான். எதிர்த்துப் போராடிய அவரை கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து கீழே தள்ளினான். கருவில் இருந்த குழந்தை போய்விட்டது. அவன் காவல்துறைக்குப் புதியவன் இல்லை. இதேபோன்ற குற்றத்துக்காக முன்பே கைதாகி வெளியே வந்தவன். அதாவது அவன் முகம் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தது. தமிழகக் காவல் நிலையங்களுக்கு முகமறிதல் மென்பொருள் 2021இலேயே வந்துவிட்டது. பிடிப்பதற்கு அந்தப் பதிவு உதவியிருக்கும். அன்று அந்தப் பெட்டியில் சீருடை போட்ட ஒரு மனுஷி இருந்திருந்தால் பிடிக்க வேண்டிய வேலையே வந்திருக்காது. அதே ஆண்டிலேயே திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. வழக்கு விரைவாக முடிந்தது ஆறுதல்தான். ஆனால் தடுப்பது வேறு, பிடிப்பது வேறு. 'குற்றத் தடுப்பு' என்ற தலைப்பில் வாங்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை குற்றம் முடிந்தபின் வேலை செய்பவை.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்ததற்கு, கைப்பற்றப்பட்ட போன்களிலிருந்து மீட்கப்பட்ட மின்னணுச் சான்றுகள் பெரிதும் துணை நின்றன. அதைவிடப் பெரிய துணை, பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சி ஆகவில்லை என்பது. எந்த நிலைமையில் அவர்கள் உறுதியாக நின்றார்கள் என்று யோசிக்க வேண்டும். 2019இல் அந்த வழக்கு வெடித்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்னார். சி.பி.ஐ.க்கு வழக்கை மாற்றிய அரசாணையிலும் பெயர் வந்தது. மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது.

ஐந்தே முக்கால் ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 23. அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வெளியே சொல்லத் துணிந்து புகார் கொடுத்தார். அவர் பெயரும் விவரங்களும் இருந்த முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி கிடந்தது. பாலியல் குற்ற வழக்குகளின் அறிக்கையை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லியிருக்கிறது. ஐ.பி.சி.யிலிருந்து பி.என்.எஸ்.க்கு மாறும்போது மென்பொருளில் ஏற்பட்ட கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே பெண்ணைக் குற்றவாளிபோல் காட்டுகிறது என்று கண்டித்தது. இழப்பீடாக மறுபடியும் அதே 25 லட்சம் ரூபாய்.

இந்த இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. 2019இல் பெயரைச் சொன்னது ஒரு வாய். அதன்மேல் விரலை நீட்டலாம். 2024இல் பெயரைச் சொன்னது ஒரு மென்பொருள். 'கோளாறு' என்ற சொல்லுக்குப் பின்னால் எல்லோரும் நின்றுகொள்ளலாம். தமிழில் கோளாறு என்பது எவ்வளவு வசதியான சொல்! எழுவாயே வேண்டாம், 'ஏற்பட்டுவிடும்'. நடுவில் 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முகமறிதல் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள். பெண்ணைப் பற்றித் தகவல் சேர்ப்பதில் காட்டுகிற ஆர்வத்தில் கால்பங்கை அந்தத் தகவலைப் பூட்டி வைப்பதில் காட்டினால் அதுவே உண்மையான பாதுகாப்பு ஆராய்ச்சி. புகார் கொடுத்தால் பெயர் வெளியே போகும் என்ற பயம் ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால், அவள் தெருவில் எத்தனை கேமரா தொங்கினாலும் அவள் காவல் நிலையப் படி ஏறமாட்டாள்.

ஆங்கிலத்தில் 'சேஃப்டி' வேறு, 'செக்யூரிட்டி' வேறு. தமிழில் இரண்டுக்கும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்தான். மொழியின் வறுமை என்று இதை என் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னார். எனக்கு இது மொழியின் அறிவாகப் படுகிறது. அரசுக் கோப்புகளில் ஒன்று தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குப் போகிறது, இன்னொன்று உள்துறைக்குப் போகிறது. ஆராய்ச்சிப் பணமும் மேடையும் இரண்டாவதன் பின்னால் போகின்றன. ராணிப்பேட்டையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினை புரியாது. 2015 ஜனவரி 31 விடியும் முன், சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தொண்ணூறுகளில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல். நிலத்தடி நீருக்குள் அது இறங்கிய கதை ஊருக்கே தெரியும். இந்தத் தண்ணீருக்குப் பதில் வேறு தண்ணீர் தேடிக் குடத்தோடு தூரம் போகிறவள் யார்? அவள் போகும் நேரம், போகும் வழி, அங்கே நிற்கும் ஆண்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அவளுடைய பாதுகாப்பு. கோப்பில் இதற்கு இடமில்லை. சுற்றுச்சூழல் ஒரு துறை, பெண் பாதுகாப்பு இன்னொரு துறை.

இதே தோல் தொழிலில் அரசு நல்ல ஆராய்ச்சியும் செய்திருக்கிறது. அடையாறில் 1948இலிருந்து இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தது. இந்தியர்களுக்கான செருப்பு அளவை வகுப்பதற்காக. பெண்களின் பாதம் 11 வயது வாக்கில்தான் மிக வேகமாக வளர்கிறது என்பதுவரை கண்டறிந்தார்கள். ஒரு லட்சம் பாதத்தை அளக்க முடிகிற நாட்டில், அந்தப் பாதங்கள் ராத்திரி எந்த வழியாக வீடு திரும்புகின்றன என்பதை அளப்பது நடக்காத காரியமா?

என் வகுப்பில் பாதிக்கும் மேல் ஷூ கம்பெனிப் பெண்களின் மகள்கள். 'எந்த இடத்தில் பயப்படுவாய்?' என்று ஒருமுறை எழுதச் சொன்னேன். முத்துக்கடையில் கூட்ட நேரத்து டவுன் பஸ். ஆற்காட்டிலிருந்து கடைசி வண்டி போனபிறகு ஷேர் ஆட்டோ. ஏரிக்கரைப் பாதை. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத டியூஷன் சென்டர். மாமா வந்து தங்கும் நாட்கள் வீடு. ஒரு பெண் இரண்டே வரி எழுதியிருந்தாள்: 'லைட்டு இருந்தா போதும் மேம். எங்க ஊர்ல கேமரா இருக்கு, லைட்டு இல்ல.' ஒருத்திகூட இன்னொரு செயலி கேட்கவில்லை. மாமா பற்றி எழுதியவளிடம் தனியாகப் பேசினேன். அதை இங்கே எழுத முடியாது.

பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியாத ரகசியமும் இல்லை. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதே, இரவு வேலை கொடுப்பவர் போக்குவரத்து உள்ளிட்ட பாதுகாப்புகளைச் செய்து தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது; அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்டத்தில் ஓர் உள்ளூர்க் குழு. ஆம்பூரில் வீட்டில் ஷூ தைக்கும் பெண்ணிடம் தோல் கொண்டுவரும் இடைத்தரகர் தவறாக நடந்தால் அவள் போகக்கூடிய ஒரே குழு அதுதான். சட்டம் வந்து பதினோரு ஆண்டு கழித்து, மாவட்ட அலுவலர்களை நியமிக்க 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது. ஒரு பெயர்ப்பலகை மாட்டுவதற்குப் பதினோரு ஆண்டு! முகமறிதல் மென்பொருள் வாங்க யாரும் கெடு வைக்க வேண்டியிருக்கவில்லை.

திண்டுக்கல்லில் வேறொரு வழி தெரிந்தது. அங்கே ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் சாதித்தது. அதன்படி ஆலைத் தளத்திலேயே தொழிலாளிகளுக்குள்ளிருந்து பெண்கள் பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். முதல் ஆண்டில் நூற்றுக்கும் அதிகமான புகார்கள் வந்தன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. புகார் கூடியதை நிர்வாகங்கள் அவமானமாகப் பார்க்கும். சங்கத்துப் பெண்கள் நம்பிக்கையாகப் பார்த்தார்கள். பக்கத்து மெஷினில் இருக்கும் அக்கா கண்காணிப்பாளராக இருந்தால் பேச வாய் வருகிறது. கண்காணிப்பு என்ற சொல்லை அவர்கள் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மேலே இருந்து கீழே பார்ப்பது நின்று, தொழிலாளி மேற்பார்வையாளரைப் பார்ப்பது தொடங்கியது. குற்றத் தடுப்புக்கு நம் மாநிலத்திலேயே நடந்த இந்தச் சோதனையைத் தோல் பகுதிக்கு எப்படிக் கொண்டுவருவது என்று ஆராய எந்தப் பல்கலைக்கழகம் நிதி கேட்டது, எந்தத் துறை தலைப்பு கொடுத்தது?

2024 டிசம்பரில் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹோங் ஃபூ குழுமத்தின் ஷூ ஆலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை, பெரும்பாலோர் பெண்கள். வேலை வரட்டும், வரவேற்கிறேன். வீட்டுக்குள் அடைபட்ட எத்தனையோ பெண்களுக்குக் கையில் காசு வரும். சோளிங்கரிலிருந்தும் நெமிலியிலிருந்தும் காவேரிப்பாக்கத்திலிருந்தும் வண்டிகள் போகும். இரவு ஷிஃப்ட் முடிந்து ஊர் முனையில் வண்டி இறக்கிவிட்ட பிறகு, அங்கிருந்து காலனிவரை இருக்கும் ஒரு கிலோமீட்டர் யாருடைய பொறுப்பு என்பது இன்னும் எந்த ஒப்பந்தத்திலும் என் கண்ணில் படவில்லை. ஊர் முனையில் இறங்குகிறவளும் காலனிவரை நடக்கிறவளும் ஒரே சாதியில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதுகலை மாணவி ஒருத்தி இந்த ஒரு கிலோமீட்டரையே ஆய்வுத் தலைப்பாக எடுத்து ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். 'இதில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது?' என்று நேர்காணலில் கேட்டார்களாம். பணம் கிடைக்கவில்லை. மாலையில் அம்மாவின் வண்டி வரும் நேரத்துக்கு அவளே போய் நிற்கிறாள். தெருவிளக்குக் கம்பங்களில் எரியாதவற்றின் எண்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறாள்.